தண்டனை முடிந்த பிறகு

தவறு செய்த ஒருவர், விதித்த தண்டனையை ஒரு நாளும் குறையாமல் அனுபவித்து முடிக்கிறார். அதன்பின் அவர் தவறே செய்யாதவர்களோடு ஒரே வரிசையில் நிற்கலாமா, அல்லது கறை கடைசிவரை அவரோடு வருமா? எல்லாச் சமயங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. நீதிமன்றங்கள் நாள்தோறும் சந்திக்கின்றன. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கில், மகளிர் 100 மீட்டர் மார்பு நீச்சல் போட்டியின்போது, உலகமே பார்த்துக்கொண்டிருக்க இதே கேள்வி எழுந்தது. இந்தியாவில் இதற்கு மிக விரிவான விடை அச்சானது புனே நகரில்தான். அந்த விடையைத் துணைக்கு வைத்துக்கொண்டால் ரியோவில் நடந்தது இன்னும் தெளிவாகப் புரியும்.

ரஷ்ய வீராங்கனை யூலியா எஃபிமோவா 2013இல் பார்சிலோனா உலகப் போட்டியில் 50 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்றவர். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று எடுத்த மாதிரியில் டி.எச்.இ.ஏ. என்ற தடைசெய்யப்பட்ட ஹார்மோன் பொருள் இருந்தது. அமெரிக்காவில் பயிற்சி பெற்றுவந்த அவர், கடையில் வாங்கிய ஊட்டச்சத்துப் பொருளில் அது கலந்திருந்ததாகவும், அடங்கிய பொருள்களின் பட்டியலைச் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக விசாரணைக் குழு கருதவில்லை. ஆனால் அசட்டையாக இருந்தது குற்றம் என்றது. 16 மாதத் தடை விதிக்கப்பட்டது. அந்த அக்டோபர் நாளுக்குப் பின் அவர் பெற்ற வெற்றிகள் செல்லாமல் போயின. டிசம்பரில் டென்மார்க்கில் நடந்த ஐரோப்பியக் குறுங்குளப் போட்டியின் தங்கங்களும் அவற்றில் அடங்கும். 2015 பிப்ரவரி இறுதியில் தடை முடிந்தது. அந்த ஆண்டே கசானில் நடந்த உலகப் போட்டியில் 100 மீட்டர் தங்கத்தை வென்றார்.

2016 தொடக்கத்தில் மீண்டும் சிக்கல் வந்தது. மெல்டோனியம் என்ற மருந்து அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் தடைப்பட்டியலில் சேர்ந்திருந்தது. அதன் தடயம் அவர் மாதிரியில் இருந்தது. மார்ச்சில் தற்காலிகத் தடை வந்தது. தடைக்கு முன் உட்கொண்ட மருந்து உடலில் தங்கியிருக்கக்கூடும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே ஒப்புக்கொண்ட பிறகு, மே மாதத்தில் அது விலகியது. ஜூலையில் மூன்றாவது அடி விழுந்தது. ரஷ்யாவின் அரசு சார்ந்த ஊக்கமருந்து ஏற்பாடு அம்பலமானதும், முன்பு ஊக்கமருந்துக்காகத் தண்டிக்கப்பட்ட ரஷ்யர் எவரும், தண்டனையை முடித்திருந்தாலும், ரியோவுக்கு வரக்கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது. எஃபிமோவா விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தை அணுகினார். அந்த நிபந்தனை இயற்கை நீதிக்கு ஒவ்வாதது, செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நீச்சல் போட்டிகள் தொடங்கச் சில நாள்களே இருந்தன.

சட்டத்தின் பக்கம் விவகாரம் அத்தோடு முடிந்தது. குளத்தில் முடியவில்லை. எஃபிமோவாவின் பெயரை அறிவித்தபோதே அரங்கிலிருந்து கூச்சல் எழுந்தது. அரையிறுதியில் தன் பிரிவில் முதலாவதாக வந்து, ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார். தன் முறைக்காகக் காத்திருந்த அமெரிக்காவின் லில்லி கிங், 19 வயதுப் பெண், அறையிலிருந்த திரையில் அதைப் பார்த்துத் தன் விரலை இடமும் வலமும் ஆட்டினார். ஊக்கமருந்தில் பிடிபட்டவர் முதலிடம் என்று விரல் காட்டுவதைத் தன்னால் ஏற்க முடியாது என்று செய்தியாளர்களிடமும் சொன்னார். மறுநாள் ஆகஸ்ட் 8 அன்று இறுதிப்போட்டி. கிங் 1 நிமிடம் 4.93 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். எஃபிமோவா 1 நிமிடம் 5.50 விநாடியில் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்த சக அமெரிக்கர் கேட்டி மீலியைக் கிங் கட்டிக்கொண்டார், எஃபிமோவாவைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளி வென்றவர் அழுதபடி செய்தியாளர் முன் நின்றார்.

கிங்கைப் பழி சொல்லுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடை அனுபவித்துத் திரும்பிய அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் காட்லின் அணியில் இருக்கலாமா என்று அவரிடம் கேட்டார்கள். இருக்கக்கூடாது என்றே சொன்னார். ஆகவே அது நாட்டுப் பகை இல்லை, ஒரு கொள்கை. அந்தக் கொள்கை சரியா என்பதுதான் ஆராய வேண்டியது.

புனேயில் 1917இல் தொடங்கிய பண்டார்கர் கீழைக்கலை ஆராய்ச்சி நிறுவனம், பாண்டுரங்க வாமன் காணே எழுதிய தர்மசாஸ்திர வரலாற்றை 1930 முதல் 1962 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே காணேவுக்குப் பாரத ரத்னா கிடைத்தது. 1953இல் வந்த நான்காம் தொகுதியின் முதற்பகுதி பாவம், பிராயச்சித்தம், வினைப்பயன் ஆகியவற்றைப் பற்றியது. பிராயச்சித்தம் உண்மையில் எதை நீக்குகிறது என்று பழைய உரைகாரர்கள் ஒருவரையொருவர் மறுத்து வாதாடியதையெல்லாம் காணே அங்கே திரட்டித் தருகிறார். சாதிக்கொரு தண்டனை விதித்த நூல்கள் அவை. அந்தப் பகுதியை இன்று எவரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம், நோக்கம், தண்டனை, ஊர் என்ற நான்கையும் அவை பிரித்துப் பார்த்த நுட்பம் பழையதாகிவிடவில்லை.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி முதலில் நோக்கத்தைப் பிரிக்கிறது. அறியாமல் செய்த பாவம் பிராயச்சித்தத்தால் அகலும். அறிந்தே செய்தவனோ, பிராயச்சித்தம் செய்தபின் மற்றவர்கள் பழகத் தக்கவனாக ஆகிறான். அவ்வளவுதான் நூல் அவனுக்குத் தரும் உறுதி. விக்கிரமாதித்தச் சாளுக்கியன் காலத்தில் இதற்கு மிதாட்சரா என்ற உரை எழுதிய விஞ்ஞானேசுவரர் இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறார். பாவத்துக்கு இரண்டு வலிமைகள் உண்டு. நரகத்துக்குக் கொண்டுசெல்வது ஒன்று. மனிதர்களோடு கொள்ளும் உறவைத் தடுப்பது மற்றொன்று. முதலாவது நீங்காவிட்டாலும் இரண்டாவது நீங்கலாம் என்பது அவர் வாதம். தவறியவனின் உள்ளம் தூய்மையாயிற்றா என்பதற்கு ஊர் சாட்சி சொல்ல முடியாது. அவனோடு சேர்ந்து உண்ணலாமா, கொடுக்கல் வாங்கல் செய்யலாமா என்பதை மட்டும் ஊர் முடிவு செய்யலாம். செய்தே ஆகவும் வேண்டும்.

விளையாட்டுச் சட்டம் தனக்குத் தெரியாமலே இந்த இரண்டாம் வலிமையைத்தான் கையாள்கிறது. 16 மாதத் தடை எஃபிமோவாவின் நெஞ்சைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அந்தக் காலம் கழிந்ததும் அவர் மற்றவர்களோடு தொடக்க மேடையில் ஏறத் தக்கவர் என்று மட்டும் சொல்கிறது. நீதிமன்றம் காத்ததும் இதையே. 2011இலும் அது இப்படி ஒரு விதியைத் தள்ளியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் தடைபெற்றவர்கள் அடுத்த ஒலிம்பிக்கிலும் கலந்துகொள்ளக்கூடாது என்ற அந்த விதி, முடிந்துபோன தண்டனையின் மேல் இன்னொரு தண்டனையை ஏற்றுகிறது என்பது அப்போதைய வழக்கின் சாரம். முடிவு நாள் இல்லாத தண்டனையைத் தண்டனை என்று சொல்வதே தவறு. நாள் குறித்துவிட்டு, அந்த நாள் வந்ததும் இன்னும் போதாது என்பது வாக்குத் தவறுவது.

அப்படியானால் கிங் செய்தது தவறா? மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயத்தில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து வருகின்றன. பிராயச்சித்தம் செய்து முடித்தவரை ஒருபோதும் இகழக்கூடாது என்கிறது ஒன்று. குழந்தையைக் கொன்றவர், நன்றி கொன்றவர், அடைக்கலம் புகுந்தவரைக் கொன்றவர், பெண்ணைக் கொன்றவர் ஆகியோர் முறைப்படி தூய்மை அடைந்திருந்தாலும் அவர்களோடு சேர்ந்து வாழக்கூடாது என்கிறது மற்றொன்று. முரண்போலத் தோன்றினாலும் இவை வெவ்வேறு செயல்களைப் பற்றிய விதிகள். இகழ்வது வேறு, விலகி நிற்பது வேறு. சில குற்றங்களில் நம்பிக்கையே கொல்லப்பட்டிருக்கிறது. அவற்றைச் செய்தவரோடு நெருங்கிப் பழகுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அந்தப் பழைய நூலே ஒப்புக்கொள்கிறது. திருக்குறளும் நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்று அந்த ஒரு குற்றத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியே பிரித்து வைக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், போட்டிக்குப் பின் எஃபிமோவாவின் பக்கம் திரும்பாமல் இருந்தது கிங்கின் உரிமை. அவரும் நான்கு மணிக்கு எழுந்து குளத்தில் இறங்கி வளர்ந்தவர்களில் ஒருவர். போட்டியாளரை நம்ப முடியாத நிலையில் நீந்துவது எவ்வளவு கசப்பு என்பதை அறிந்தவர். ஆனால் அரங்கின் கூச்சலுக்கு அந்த நியாயம் கிடையாது. இழப்பு எதுவும் நேராத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து, தண்டனை முடித்த ஒருவரை மீண்டும் தண்டித்தார்கள். அதுவும் அறியாமல் செய்ததற்கு நெருக்கமான குற்றம் என்று விசாரணைக் குழுவே மதிப்பிட்ட ஒன்றுக்காக. கிங்கின் விரலசைவு இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. விலகலாகத் தொடங்கி இகழ்ச்சிக்குள் சற்றே கால் வைத்தது என்று சொல்வதே நேர்மை.

ஊரின் கூச்சல் எதுவரை போகும் என்பதற்குப் புனே மாவட்டத்திலேயே பழைய சாட்சி உண்டு. இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ள ஆளந்தி, 1290இல் ஞானேசுவரி எழுதி 1296இல் சமாதி அடைந்த ஞானேசுவரரின் ஊர். அவர் தந்தை விட்டல்பந்த் துறவு பூண்டபின் குருவின் சொற்படி இல்லறத்துக்குத் திரும்பியவர். துறவி இல்லறம் திரும்புவதை ஊர்ப் பெரியவர்கள் ஏற்கவில்லை; குடும்பம் விலக்கப்பட்டது. இதற்கு என்ன பிராயச்சித்தம் என்று கேட்டபோது உயிரை விடுவது ஒன்றே என்றார்கள். கணவனும் மனைவியும் நீரில் இறங்கி உயிர்விட்டனர் என்பது மரபு. விதித்த கழுவாயில் இதைவிடப் பெரியது இல்லை. அதன் பிறகும் நிவிருத்தி, ஞானேசுவர், சோபான், முக்தாபாய் என்ற நான்கு பிள்ளைகளையும் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. தூய்மைச் சான்று கேட்டு அவர்கள் பைத்தான்வரை நடக்க வேண்டியிருந்தது. இது வரலாறாக நடந்ததா, பக்தர்கள் கட்டிய கதையா என்பது இங்கே முக்கியமில்லை. கழுவாய் விதிப்பவர்கள் அது நிறைவேறியதும் தங்கள் பங்கை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை மராட்டிய மக்கள் எழுநூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான சாட்சி புனே நகருக்குள்ளேயே இருக்கிறது. 1890 அக்டோபரில் பஞ்ச் ஹவுத் கிறித்தவ மிஷனில் நடந்த ஒரு சொற்பொழிவுக்கு மகாதேவ கோவிந்த ராணடே, பால கங்காதர திலகர் உட்பட நகரத்துப் பெரிய மனிதர்கள் பலர் சென்றிருந்தனர். உரை முடிந்ததும் தேநீரும் பிஸ்கெட்டும் வந்தன. சிலர் குடித்தார்கள், சிலர் கோப்பையை வாங்கி அப்படியே வைத்துவிட்டார்கள். போனவர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வெளியானது. சனாதனிகள் சங்கராச்சாரியாரிடம் முறையிட்டார்கள், விசாரணை நடந்தது, பிராயச்சித்தம் விதிக்கப்பட்டது. செய்யாதவர் வீட்டுச் சடங்குகளுக்குப் புரோகிதர் வரமாட்டார், சம்பந்தம் கிடைக்காது. தாம் காசியில் ஏற்கெனவே பிராயச்சித்தம் செய்துவிட்டதாகத் திலகர் சான்று காட்டினார். பின்னாளில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியான ராணடே, தேநீர் குடிப்பதைப் பாவமென்று ஒருபோதும் நினைக்கவில்லை. ஆயினும் தம்மோடு சிக்கிய நண்பர்களின் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்து 1892இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீர்திருத்தக்காரர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள்.

ராணடேயின் செயலில் வருத்தம் இல்லை, பாவ உணர்வும் இல்லை. சடங்கு மட்டுமே இருந்தது. அதன் பின் ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. விஞ்ஞானேசுவரர் சொன்ன இரண்டாம் வலிமை, முதலாவதன் துணையே இல்லாமல், தனியாக நீங்கிய காட்சி இது. மனம் வருந்தாதவருக்குத் தண்டனை முடிந்தாலும் மன்னிப்பில்லை என்று வாதிடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். எஃபிமோவா போதிய அளவு வருந்தவில்லை என்பது அவர்மேல் அப்போது வைத்த பெரிய குறைகளில் ஒன்று. வருத்தத்தை அளக்கும் கருவி எந்த ஊரிடமும் இல்லை. அளக்கப் புகுந்தால் நன்றாக நடிப்பவருக்குக் குறைந்த தண்டனையும், கூச்சத்தால் பேசாமல் நிற்பவருக்கு அதிகத் தண்டனையும் போய்ச்சேரும்.

வயதைப் பற்றியும் பழைய நூல்கள் யோசித்திருக்கின்றன. பதினாறு வயதுக்குட்பட்டவருக்கும் எண்பது கடந்தவருக்கும் நோயாளிக்கும் பாதிப் பிராயச்சித்தம் போதும் என்பது உரைகாரர்கள் எடுத்தாளும் விதி. 2021இல் நடைமுறைக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பும் பதினாறு வயதுக்குட்பட்டவரைப் பாதுகாப்புக்குரியவர் என்று தனியாகப் பிரித்துத் தண்டனையில் தளர்வு தருகிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் ஒரே வயதில் கோடு கிழித்தது வியப்பானது. மகளிர் மார்பு நீச்சலில் இந்தக் கோடு வெறும் ஏட்டு விஷயம் இல்லை. லிதுவேனியாவின் ரூட்டா மெய்லுடிட்டே 2012 லண்டனில் 100 மீட்டர் தங்கம் வென்றபோது வயது 15. இந்தியாவின் ஆரத்தி சாஹா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் இறங்கியபோது 12 வயதுகூட நிறையவில்லை. புனேயின் பாலேவாடி வளாகத்தில் 2008 அக்டோபரில் நடந்த காமன்வெல்த் இளையோர் விளையாட்டில் குளத்தில் இறங்கியவர்கள் எல்லோருமே பதின்வயதினர். ஊட்டச்சத்து டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை அந்த வயதில் பயிற்சியாளரும் பெற்றோரும் பார்த்தால்தான் உண்டு.

மெய்லுடிட்டேயின் பிற்கால வாழ்வு எஃபிமோவாவின் கதைக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது. தாம் இருக்கும் இடத்தைச் சோதனையாளர்களுக்குத் தெரிவிக்கும் கடமையில் மூன்று முறை தவறியதற்காக 2019இல் அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை வந்தது. ஓய்வை அறிவித்துவிட்டு விலகினார். தடை முடிந்து திரும்பி, 2023இல் ஃபுகுவோகா உலகப் போட்டியில் 100 மீட்டரையும் 50 மீட்டரையும் வென்றார். 50 மீட்டரில் 29.16 விநாடி உலக சாதனை. ரியோவில் எஃபிமோவாவுக்குக் கிடைத்த வரவேற்பு அங்கே அவருக்கு நேரவில்லை. மனச்சோர்வோடு போராடியதை வெளிப்படையாகச் சொன்னவர் என்பதால் மக்கள் இரங்கினார்கள். அந்த இரக்கம் நல்லது. ஆனால் இரண்டு பேருமே விதித்த காலத்தை முடித்தவர்கள். எந்த நாட்டவர், எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதை வைத்து வரவேற்பு மாறினால், அங்கே தீர்ப்பு குற்றத்தின் மேல் விழவில்லை.

கிங்கின் பக்கத்துக்கு வலிமையான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. தண்டனை முடிந்தாலும் பயன் முடிவதில்லை என்பது அது. ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எலிகளில் கண்டது இது: டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது தசை இழைகளில் கூடிய உட்கருக்கள், மருந்தை நிறுத்திய பிறகும் நெடுங்காலம் நிலைத்திருந்தன; பிறகு பயிற்சி கொடுத்தபோது அந்தத் தசைகள் விரைவாகப் பெருத்தன. மனிதரிலும் அப்படியே என்றால், நெடுங்காலம் ஊக்கமருந்து உண்டவர் தடைக்குப் பின்னும் பழைய திருட்டின் வட்டியில் நீந்துகிறார் என்றாகும். கவனக்குறைவாக ஒரு டப்பாவை வாங்கியவரையும் ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைக்க இது இடம் தராது. இரண்டாமவருக்கு நீண்ட தடையைத் தொடக்கத்திலேயே விதிப்பதற்கு நியாயமாக அமையும். 2015 முதல் வேண்டுமென்றே செய்த முதல் குற்றத்துக்கு நான்கு ஆண்டு என்று விதித்தொகுப்பு உயர்த்தியது அந்தத் திசையில்தான். குற்றம் மீண்டும் தலையெடுக்காதபடி, ஆராய்ந்து, அதற்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும் என்ற குறளின் நெறிக்கும் அது பொருந்தும். கடுமை வேண்டுமென்றால் தீர்ப்பு நாளில் காட்டட்டும். விடுதலை நாளுக்குப் பிறகு காட்டக்கூடாது.

தண்டனை பெற்றவரைப் பற்றியே இவ்வளவு பேசும்போது இழந்தவர் மறைந்துபோகிறார். இந்த இடத்தில் தர்மசாஸ்திரங்கள் விளையாட்டுச் சட்டத்தைவிட ஒரு படி முன்னே நிற்கின்றன. திருட்டுக்கு மனு விதிக்கும் பிராயச்சித்தத்தில் நோன்பு தனியாக வருவதில்லை. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோன்பு இருக்க வேண்டும். பொருளை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து பயனில்லை. ஊக்கமருந்தால் பறிபோகும் பொருள் பதக்கத் தகடு மட்டும் இல்லை. மேடையில் ஏறும் நிமிடம், அந்த ஆண்டின் உதவித்தொகை, நான்காவதாக வந்து மனம் விட்டு ஓய்வு பெற்றவரின் பிந்தைய ஆண்டுகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் பெரும்பகுதியைத் திருப்பித் தர யாராலும் முடியாது. முடிந்ததைக்கூட விளையாட்டு அமைப்புகள் வெகுகாலம் செய்யாமல் இருந்தன. மாற்றிய பதக்கம் எந்த ஆரவாரமும் இல்லாமல் உரியவரின் கைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 9 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின்போது, முந்தைய ஒலிம்பிக்குகளில் ஏமாற்றப்பட்ட பத்துப் பேரை மக்கள் முன் மேடையேற்றிப் பதக்கம் அணிவித்தார்கள். 2012 லண்டனில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளியோடு திரும்பிய அமெரிக்காவின் லஷிண்டா டீமஸ், பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தன் தங்கத்தை அங்கே வாங்கிக்கொண்டார்.